ஆறாவது கோர்ட் பக்கம் நிற்கும் கோச்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

என் மகள் அமெரிக்காவில் கல்லூரி அணிக்கு டென்னிஸ் ஆடியவள். அவளுடைய கோச் இந்த சீசனோடு ஓய்வு பெறுகிறார். ஒரே கல்லூரியில் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பெண்கள் அணியை நடத்தியவர். ஓய்வுச் செய்தியில் எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்றுதான் வரும். அவரிடம் ஆடியவர்களும், ஆட அனுப்பிய பெற்றோரும் இங்கே சிலர் இருக்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

கல்லூரி டென்னிஸ் பார்த்திராதவர்களுக்காக ஒரு விஷயம். முதலில் மூன்று டபுள்ஸ், ஒவ்வொன்றும் ஒரே செட். அதில் இரண்டை ஜெயிக்கும் அணிக்கு ஒரு புள்ளி. அப்புறம் ஆறு சிங்கிள்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. திறமை வரிசைப்படி முதல் ஆள் முதல் கோர்ட்டில், ஆறாவது ஆள் ஆறாவது கோர்ட்டில். மொத்தம் ஏழு. நான்கை முதலில் எட்டும் அணிக்கு மேட்ச். ஆகவே முதல் கோர்ட்டில் நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரி ஆடினாலும் அணிக்கு வருவது ஒரு புள்ளிதான். ஆறாவது கோர்ட்டில் ஜெயிக்கும் பெண் தருவதும் அதே ஒரு புள்ளி.

இதை உண்மையாகவே நம்பி நடந்த கோச் இவர். கூட்டமெல்லாம் முதல் கோர்ட்டின் முன்னால் இருக்கும். இவர் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்பார். கல்லூரி ஆட்டத்தில் கோச் கோர்ட்டுக்குள்ளேயே வந்து, பக்கம் மாறும்போதும் பாயிண்ட்டுகளுக்கு இடையிலும் பேசலாம். முதல் இடத்துப் பெண்ணுக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரியும், கீழே ஆடுகிறவர்களுக்குத்தான் பேச ஆள் வேண்டும் என்பார். என் மகள் ஆறாவது கோர்ட். 3-3 என்று நின்று, அவளுடைய ஆட்டம் மட்டும் பாக்கி இருந்த ஒரு நாளில், மற்ற கோர்ட்டுகளில் ஆடி முடித்தவர்கள் எல்லாரும் வேலி ஓரம் வந்து கத்திக்கொண்டிருந்தார்கள். 40-40 ஆனால் அட்வான்டேஜ் கிடையாது, அடுத்த ஒரு பாயிண்ட்டிலேயே கேம் முடிந்துவிடும். கோச் பக்கத்தில் போய், “அடுத்த செர்வை எங்கே போடப் போகிறாய்?” என்று கேட்டார். அவள் சொன்னாள். “சரி” என்று திரும்பி வந்துவிட்டார். தைரியமாக இரு, பயப்படாதே என்றெல்லாம் எதுவும் இல்லை. பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு உடனே செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். பெற்றோர் எல்லாரும் பார்க்க வேண்டிய காட்சி.

முன்னாள் வீராங்கனை எழுதியது:
அக்கா, நீங்கள் சொல்வது அப்படியே அவர்தான். ஆனால் அவருடைய கண்டிப்பையும் சொல்ல வேண்டும். யார் எந்த இடத்தில் ஆடுவது என்பது திறமை வரிசைப்படிதான் இருக்க வேண்டும், பலமானவரைக் கீழே இறக்கி எளிதாகப் புள்ளி எடுக்கக் கூடாது என்பது விதி. அணிக்குள்ளேயே நாங்கள் ஒருவரோடு ஒருவர் மோதித்தான் இடம் பிடிப்போம். கடைசி வருடத்தில் என்னை சிங்கிள்ஸிலிருந்து எடுத்தார். யார் எங்கே ஆடுவது என்ற லைன்-அப் பட்டியலை ஒட்டும் முன்பே அறைக்குக் கூப்பிட்டு, பயிற்சி ஆட்டங்களின் ஸ்கோரை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நியாயமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளிலிருந்தே டபுள்ஸுக்காக என்னை நெட் பக்கம் நிறுத்தி, பந்து தரையைத் தொடும் முன்பே அடிக்கும் வாலி, வாலி, வாலிதான். அந்த சீசனில் டபுள்ஸ் புள்ளிக்கு நானும் ஒரு காரணம் என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

அவரிடம் துணைக் கோச்சாக இருந்தவர் எழுதியது:
புதிதாகச் சேரும் மாணவிகளிடம் வருடா வருடம் அவர் ஒரு கதை சொல்வார். அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 1961-இல் விம்பிள்டன் டபுள்ஸ் பட்டம் வென்றவர். அப்படியும் லாஸ் ஏஞ்சல்ஸில் விளையாட்டு உதவித்தொகை இல்லாமல்தான் கல்லூரியில் படித்தார். 1972-இல், கல்வி நிறுவனங்களில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் வந்த பிறகும், பெண்கள் விளையாட்டை அப்போது நடத்திய ஏ.ஐ.ஏ.டபிள்யூ அமைப்பு உதவித்தொகை பெறும் வீராங்கனைகளைத் தன் போட்டிகளில் சேர்க்கவில்லை. 1973-இல் ஃப்ளோரிடாவில் பீச்சி கெல்மேயரும் சில டென்னிஸ் மாணவிகளும் வழக்குப் போட்ட பிறகுதான் அந்தத் தடை விலகியது. “உங்கள் உதவித்தொகைக்காக உங்கள் வயதுப் பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், டென்னிஸ் கோர்ட்டுக்கு இல்லை” என்பார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ அமைப்பு பெண்களுக்கான டென்னிஸ் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியதே 1982-இல்தான். இவர் தானே வேனை ஓட்டி அணியை வெளியூர் கூட்டிப்போன காலமும் உண்டு. பந்து டப்பாவை எண்ணி எடுத்து வைக்கும் பழக்கம் கடைசிவரை போகவில்லை. இதைச் சிலர் சிக்கனம் என்பார்கள். எனக்கு அது மரியாதையாகத்தான் தெரிந்தது.

இன்னொரு பதில்:
நான் அவரிடம் ஆடியதில்லை, வெறும் ரசிகன். நீண்ட காலம் இருக்கும் கோச் ஏன் முக்கியம் என்பதற்கு ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியைப் பாருங்கள். கோச் ஃபிராங்க் பிரென்னன் 10 என்.சி.ஏ.ஏ பட்டம், அவரிடம் பல வருடம் துணைக் கோச்சாக இருந்துவிட்டு வந்த லேலே ஃபரூத் 10 பட்டம். 2016-இல் 15-ஆம் தரவரிசையில் நுழைந்த அணி இறுதிப் போட்டியில் 4-3 என்று ஜெயித்தது. அப்படிப்பட்ட ஸ்கோரில் எந்த ஒரு கோர்ட் கைவிட்டிருந்தாலும் பட்டம் போயிருக்கும்.

ஒரு அப்பா எழுதியது:
எங்கள் பெண் அவருடைய அணியிலிருந்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியல்) வழியாக வேறு கல்லூரிக்குப் போனாள். 2018-இல் போர்ட்டல் வந்ததிலிருந்து கோச்சுகளுக்கு இது பெரிய தலைவலி, அணி ஒரே கோடையில் கலைந்துவிடும். முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்றுதான் நினைத்தோம். அவரோ, புதிய கல்லூரி கோச்சுக்கு அவரே போன் செய்து இவளுடைய முழங்கால் வலி, எவ்வளவு நேரம் ஆட விடலாம், எந்தப் பயிற்சி ஒத்துக்கொள்ளாது என்று எல்லாம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் இதை அவர் சொல்லவே இல்லை, அந்தக் கோச் சொல்லித்தான் தெரியும். ஓய்வு விழாவுக்குப் பழைய மாணவிகள் சேர்ந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பெண்ணும் வருகிறாள். அக்கா, உங்கள் மகள் வந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.