காகம் சாவின் பறவையா, விருந்தின் பறவையா?

வெள்ளவத்தை வாசகி:
நம்மவரின் போர்க் கவிதைகளில் சடலம் வந்தால் கூடவே காகமும் வந்துவிடுகிறது. இது நம் மரபா? ஐரோப்பாவின் பிணந்தின்னிக் காகம் இலங்கையில் கிடையாது. கொழும்பில் இருப்பவை சாம்பல் கழுத்து ஊர்க்காகமும் அண்டங்காகமும்தான். குறுந்தொகை 210இல் விருந்து வரப்போவதைக் காகம் கரைந்து சொல்கிறது. அதற்கு, தொண்டியில் விளைந்த வெண்ணெல் முழுவதையும் சோறாக்கி, வள்ளல் நள்ளியின் காட்டு ஆயர்களின் நெய்யை ஊற்றி, ஏழு கலத்தில் வைத்தாலும் போதாது என்கிறாள் தோழி. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்தது. இப்படியொரு காகம் இருக்க, அந்நியக் காகத்தை ஏன் கடன் வாங்க வேண்டும்?

கரையோரன்:
அக்கா, மரபில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். புரட்டாதிச் சனியன்று எள்ளெண்ணெய் எரித்து, எள்ளுச்சோற்றைக் காகத்துக்கு வைத்த பிறகுதானே நாம் சாப்பிடுகிறோம்? சனீஸ்வரனின் வாகனம் என்ற பயம்தான் காரணம். ஆடி அமாவாசைப் படையல் யாருக்கு? இறந்த தகப்பனுக்கு. காகம் தலையில் அடித்தால் என் அம்மம்மா உடனே தோயச் சொல்லுவார். சாவு நம் காகத்தை விட்டு ஒருநாளும் விலகியதில்லை. கவிஞர்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

வெள்ளவத்தை வாசகி:
தம்பி, படையலும் பிணமும் ஒன்றா? சோற்றை மதிலில் வைத்து, "கா கா" என்று கூப்பிட்டும் காகம் வராவிட்டால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. போனவருக்கு என்ன மனக்குறையோ என்று பதறுகிறோம். அது உறவு. வோல்டர் ஸ்கொட் 1803இல் அச்சிட்ட ஸ்கொட்லாந்துக் கதைப்பாடலில், கொலையுண்ட வீரனின் நீலக் கண்களைக் கொத்தவும் பொன்முடியைக் கூட்டுக்கு எடுக்கவும் இரண்டு காகங்கள் பேசி முடிவெடுக்கின்றன. அங்கே உறவு எங்கே?

மருதானை நூலன்:
அந்தப் பாடலை அரைகுறையாகச் சொல்லாதீர்கள். அவன் கிடக்கும் இடம் அவனுடைய நாய், வல்லூறு, மனைக்குரியவள் மூவருக்கு மட்டுமே தெரியும். நாயும் வல்லூறும் வேட்டைக்குப் போய்விட்டன. அவள் வேறொருவனைத் தேடிக்கொண்டாள். அத்தனை பேரும் கைவிட்டதைச் சொல்வதற்குக் காகங்கள்தான் மிச்சம். எடுத்து அடக்க ஆளில்லாமல் கிடந்த நம்மவர் உடல்களுக்கும் அப்படியொரு சாட்சி வேண்டாமா?

கரையோரன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், ஐயா.

வெள்ளவத்தை வாசகி:
சாட்சி என்றால் அது கண்ணால் காண வேண்டும், வாய்திறக்க வேண்டும். நான் படித்த கவிதைகளிலோ காகம் வானத்தில் கறுப்பாக வட்டமிடுவதோடு சரி. வட்டமிடுவது பருந்தின் வேலை! காலிமுகத்திடலுக்குப் போய்ப் பாருங்கள். இறால் வடைக் கடதாசி ஒன்று விழுந்தால், காகம் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அளந்து, பக்கவாட்டில் தத்தித் தத்தி வரும். பிறகு கரையும், கூட்டமே இறங்கிவிடும். "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்ற குறள் 527 இப்படிப் பார்த்தவர் எழுதியது. இவ்வளவு கிட்ட நின்று காகத்தைப் பார்த்த போர்க் கவிதை ஏதாவது உங்களிடம் இருந்தால் இங்கே இடுங்கள், வரிவரியாகப் பேசுவோம்.