இயற்கை கடந்ததா, இயற்கையை மீறியதா?

வணக்கம்.

நம் பாடங்களில் 'சூப்பர்நேச்சுரல்' (supernatural) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக நீங்கள் முன்வைத்த 'மீயியற்கை'யை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். சுருக்கமான சொல்தான். ஆனால் 'சூப்பர்கண்டக்டர்' என்பதற்கு நாம் வழங்கும் மீக்கடத்தியைப் பாருங்கள், மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்துவது. அங்கே 'மீ' கடத்தலைக் கூட்டுகிறது. அதே பழக்கத்தில் மீயியற்கையைப் படிக்கும் மாணவர் 'மிகுதியான இயற்கை' என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்ததோ இயற்கைக்கு அப்பால் இருப்பதை.

'அமானுஷ்யம்' எல்லோருக்கும் தெரிந்த சொல். பழைய வீட்டில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதைக்கு அது போதும். இறையருளைப் பற்றிய பாடத்தில் 'அமானுஷ்ய அருள்' என்று எழுத எனக்குக் கை வராது.

மூலச் சொல்லுக்கே அருளோடுதான் நெருக்கம். 13-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், படைக்கப்பட்ட எதன் ஆற்றலுக்கும் எட்டாமல் கடவுள் மட்டுமே தருவதை இப்படிக் குறித்தார். பேய்களின் செயல் நமக்கு எவ்வளவு வியப்பாக இருந்தாலும் படைப்புக்குள் அடங்கியதுதான். அது இந்தச் சொல்லுக்குள் வராது. அருள் இயற்கையை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்றும் அவர் சொன்னார். ஆகவே 'இயற்கையை மீறிய' என்று நாம் எழுதினால் அவர் சொன்னதற்கு நேர்மாறாகிவிடும். மீறல் என்ற பேச்சு மெய்யியலாளர் டேவிட் ஹியூமுடையது: அற்புதம் என்பது இயற்கை விதிகளின் மீறல் என்று 1748-இல் எழுதினார். 'இயற்கை கடந்த' என்றால் இருவரையும் அதே சொல்லால் மொழிபெயர்க்கலாம். (இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பதால் ஒற்று மிகாது, 'இயற்கைக் கடந்த' என்று எழுதிவிட வேண்டாம்.)

இதைவிட எனக்குப் பெரிய சிக்கல், நம் 'இயற்கை' என்ற சொல்லே.

இயற்கைப் புணர்ச்சியை நினைத்துப் பாருங்கள். தலைவனும் தலைவியும் யாரும் கூட்டிவைக்காமல் தாமாகவே எதிர்ப்பட்டுக் கூடுவது. அதற்கே தெய்வப் புணர்ச்சி என்றும் பெயர். உயர்ந்த பாலின், அதாவது ஊழின், ஆணையால் நடக்கிறது என்கிறது தொல்காப்பியம். இயற்கை என்பதும் தெய்வம் என்பதும் ஒரே நிகழ்ச்சிக்கு இரு பெயர்கள்! 370-ஆம் குறளில் அவாவை விட்டவனுக்குக் கிடைப்பது 'பேரா இயற்கை'. வீடுபேறே அங்கே இயற்கைதான். நமக்கு இயற்கை என்றால் ஒன்றின் உள்ளியல்பு. தெய்வத்தை வெளியே நிறுத்தும் வேலி அதில் கிடையாது.

என் ஆத்தா பொழுது சாய்ந்தபின் கறிக்குழம்பைப் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்துவிட்டால், தூக்குவாளி மூடிமேல் ஓர் அடுப்புக்கரித் துண்டை வைத்துத்தான் அனுப்பும். 'காத்து கருப்பு பின்னால வரும்' என்று சொல்லும். மழை வரும், குடையை எடுத்துக்கொள் என்று சொல்கிற அதே குரல்தான். காத்து கருப்பு அதற்கு இயற்கைக்கு அப்பால் இருந்ததே இல்லை, புளியமரத்தடியில் இருந்தது. மானுடவியல் பாடத்தில் இந்தக் கரித்துண்டுக்குப் பக்கத்தில் 'இயற்கை கடந்த ஆற்றலில் நம்பிக்கை' என்று எழுதினால், ஆத்தா நினைக்காத ஒரு வேலியை நாம் போட்டவர்களாகிறோம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-லேயே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: விதிகளால் கட்டுண்ட ஓர் இயற்கை ஒழுங்கு உண்டு என்ற எண்ணம் வந்தபிறகே அதற்கு அப்பாற்பட்டது என்ற எண்ணமும் வர முடியும், அதனால் அதை வைத்துச் சமயத்தை வரையறுக்கக் கூடாது என்றார்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். இறையியல், மெய்யியல் பாடங்களில் 'இயற்கை கடந்த' என்று வைப்போம். பேய்க்கதை வகைக்கு அமானுஷ்யம் இருந்துவிட்டுப் போகட்டும். நாட்டார் வழக்காற்றுப் பகுதியில் இரண்டுமே வேண்டாம். முனி, காத்து கருப்பு, அணங்கு என்று மக்கள் சொல்லும் பெயரையே போடுவோம்.

அப்புறம், பெயர்ச்சொல். பன்மைக்கு 'இயற்கை கடந்தவை' சரியாக வருகிறது. கொள்கையின் பெயருக்கு 'இயற்கை கடப்புக் கொள்கை' என்று எழுதிப் பார்த்தேன். 'கடப்பு' காதில் கல்லாக விழுகிறது. 'கடந்தமை' இன்னும் மோசம். யாருக்காவது நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள், அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன்.