காரை ஓடைகளில் ஒரு பத்து ரூபாய் நாணயம்

பெரம்பலூர் பக்கம் காரை, குளக்காநத்தம் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நான் இரண்டு முறை போய்வந்ததைச் சொல்கிறேன்.

முதல் முறை உச்சி வெயிலில் போய் நின்றேன். பழுப்புக் களிமண்ணை மழை அரித்து அரித்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஓடையும் மேடுமாகக் கிடக்கிறது. புல்கூட அங்கொன்றும் இங்கொன்றும்தான். நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். வீட்டில் திறந்தால் எல்லாம் தட்டை. நிழலே விழாததால் மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. தரையில் மின்னிய ஒன்றைக் கிட்டப்போய் எடுத்திருந்தேன். அது விரல் நீளமா, ஆள் நீளமா என்று எனக்கே சொல்ல முடியவில்லை. அன்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

அடுத்த முறை தை மாதம், விடிந்ததும் அங்கே இருந்தேன். சாய்வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நின்றது. எதை எடுத்தாலும் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைத்தேன். 27 மில்லிமீட்டர், கணக்குக்கு வசதி. முதலில் ஓடைக்கரை முழுவதும், பிறகு பத்தடி தள்ளி, அப்புறம் கிட்டத்தில். மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. மின்னியது ஜிப்சம் என்ற கனிமம். நகத்தால் கீறினாலே கோடு விழும். அந்த வெள்ளை நரம்புகள் களிமண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. வெட்டுகிறது என்றால் பின்னால் வந்தது. கடலடியில் களிமண் படிந்தது முதலில், அது விரிசல் விட்ட இடங்களில் ஜிப்சம் வளர்ந்தது பிறகு. கிட்டத்துப் படம் மட்டும் இருந்திருந்தால் இந்த வரிசை தெரிந்திருக்காது.

பக்கத்திலேயே சிலேட்டுக் குச்சி மாதிரி ஒன்று. பெலம்நைட்! கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. உடைந்த முனையில் நடுவிலிருந்து கதிர்கதிராகக் கோடுகள். அதைத் தொடாமல் படம் எடுத்தேன். பாறைக்குள் பல குச்சிகள் ஒரே திசை பார்த்துக் கிடந்தால், அன்றைய நீரோட்டத்தின் போக்கைக்கூட ஊகிக்கலாம். தயவுசெய்து யாரும் பொறுக்கிப் பையில் போடாதீர்கள். இடம் மாறினால் அது வெறும் கல்.

*

அக்கா, அங்கிருந்து சாத்தனூர் கல்மரம், அதாவது கல்லாகிப்போன அந்தப் பழைய மரம், கிட்டத்தானே, போகவில்லையா? 18 மீட்டர் நீளம். ஒரே படத்தில் அடக்கப் பார்த்தால் லென்ஸ் மரத்தை வளைத்துவிடுகிறது. நான் வேலியோரமாகவே நடந்து ஏழு படமாக எடுத்து ஒட்டினேன். கரையில் வளர்ந்த மரம் ஆற்றோடு போய்க் கடல்மண்ணில் புதைந்திருக்கிறது என்பதை அங்கே நின்றுதான் நம்பினேன்.

*

நான் சென்னை. பல்லாவரத்துச் சார்னோகைட் பாறையை எடுத்தபோது மேலே வெறும் பழுப்புதான் வந்தது. புதிதாக உடைந்த இடத்தில் புட்டித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். எண்ணெய் பூசினாற்போல் கருநீலம் தெரிந்தது! கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் இந்த வகைதான். அதை வைத்தே நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குப் பெயரிட்டார்.

*

தம்பி, கல்மரத்துக்கு அடுத்த மாதம் போகிறேன். சென்னை நண்பர் சொன்ன தண்ணீர் யோசனை அருமை. காரைக் களிமண்ணில் ஊற்றினால் குழைந்துபோகும். பெலம்நைட் முனையில் மட்டும் இரண்டு சொட்டு விட்டு எடுத்துப் பார்க்கிறேன்.