டூர்னிக்கெட் (ரத்தம் நிற்கக் கை, காலில் இறுக்கிக் கட்டும் பட்டை) இரவல் தேவை, தமிழில் சொல்லித்தர ஆளும் தேவை (சுங்கை சிப்புட்)

வணக்கம். இங்கே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர்களுக்கு ரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சி வைக்கிறோம். போர்முனையில் ராணுவத்தினர் செய்கிற அதே முறைதான். அரிவாள் பட்டுத் தொடைத் தமனி அறுந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை உயிர் தாங்காது.

பழகிப் பார்க்க ஐந்தாறு டூர்னிக்கெட் யாரிடமாவது இரவல் கிடைக்குமா? பட்டை அகலம் 3.8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மலிவான போலி தயவுசெய்து வேண்டாம். முறுக்கும்போதே, பட்டையை இறுக்கும் கோல் வளைந்து உடைந்துவிடும்.

காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே, மூட்டில் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். வலியில் அலறுவார்கள், பார்ப்பவர்கள் பரிதாபப்பட்டுத் தளர்த்துவது அங்கேதான். தளர்த்தவே கூடாது. கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும்.

அக்குள், தொடை இடுக்கில் பட்டை நிற்காது. அங்கே துணியைக் காயத்துக்குள் திணித்து அழுத்தணும். இதைக் கைப்பிடித்துக் காட்ட, தமிழ் பேசும் மருத்துவ உதவியாளர் பேராக்கில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.