காயம்பட்ட டேக்கிளை எத்தனையாவது இடத்தில் வைப்பது?

கேள்வி (2025 ஆகஸ்ட்):
2025 பருவம் செப்டம்பர் 4 அன்று தொடங்குகிறது. என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டேக்கிள்களை, அதாவது பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காக்க முன்வரிசையின் இரு முனைகளிலும் நிற்கும் தடுப்பாளர்களை, வரிசைப்படுத்த மூன்று நாட்களாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். என் மனத்தில் முதலிடம் டாம்பா பே அணியின் டிரிஸ்டன் வர்ஃப்ஸுக்கு. 2021இல் வலப்பக்கம், 2024இல் இடப்பக்கம் என்று இரண்டு இடத்திலும் ஆல்-ப்ரோ (ஆண்டின் சிறந்த வீரர்கள்) முதல் அணிக்குத் தேர்வான முதல் வீரர் அவர். பக்கம் மாறினால் எந்தக் காலைப் பின்னால் எடுத்து வைப்பது, எந்தக் கையால் தடுப்பது என எல்லாமே மாறும். பழைய ஆட்டங்களைப் போட்டு, குவாட்டர்பேக் நிற்கும் பக்கத்தை அட்டையால் மறைத்துவிட்டு, வர்ஃப்ஸின் கால்களை மட்டும் பார்த்தேன். எந்தப் பக்கம் நின்றாலும் அந்த முதல் அடி பதற்றமே இல்லாமல் விழுகிறது.

ஆனால் ஜூலையில் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. சார்ஜர்ஸ் அணி டேக்கிள் ரஷான் ஸ்லேட்டர் நிலை இன்னும் கொடுமை: பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சில நாட்களிலேயே பயிற்சியில் முழங்கால் தசைநாண் கிழிந்து, பருவமே போய்விட்டது. பட்டியல் திறமைக்கா, வரப்போகும் ஆட்டங்களுக்கா?

பதில் 1:
ஆட்டங்களுக்குத்தான். களத்தில் நிற்பதும் திறமையில் சேர்த்திதான். கிளீவ்லாந்து அணியின் டேக்கிள் ஜோ தாமஸ் 2007 முதல் 2017 வரை ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து 10,363 ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடினார். அந்த அளவுகோலில் டெட்ராய்ட்டின் பெனே சூவெல்தான் முதலிடம். 2022 டிசம்பரில் மின்னசோட்டாவுக்கு எதிராக, கடைசி இரண்டு நிமிடத்தில், மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) ஏழு யார்டு தேவை. குவாட்டர்பேக் ஜாரெட் கோஃப் பந்தை எறிந்தது, வழக்கமாகப் பந்தைப் பிடிக்காத டேக்கிளான இவரிடம்! பிடித்து ஒன்பது யார்டு ஓடினார், வெற்றி உறுதியானது. அந்த உடல்வாகில் அப்படி ஓடும் இன்னொருவரை எனக்குக் காட்டுங்கள்.

பதில் 2:
நீங்கள் இருவரும் பிலடெல்பியா ஈகிள்ஸை மறந்துவிட்டீர்கள். கடந்த பிப்ரவரி சூப்பர் பௌலில், அதாவது லீக்கின் இறுதிப் போட்டியில், ஈகிள்ஸ் பிளிட்ஸ் (குவாட்டர்பேக்கைத் துரத்தக் கூடுதல் வீரர்களை அனுப்புவது) செய்யவே இல்லை. முன்வரிசையே கேன்சஸ் சிட்டி குவாட்டர்பேக் மகோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது. கேன்சஸ் சிட்டியின் இடது டேக்கிளாக நின்றவர் ஜோ தூனி. அவர் அருமையான கார்டு (டேக்கிளுக்கு உட்புறம் நிற்கும் தடுப்பாளர்), ஆனால் அந்த இடம் அவருடையதல்ல. அடுத்த டிராஃப்டின் (அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின்) முதல் சுற்றிலேயே கேன்சஸ் சிட்டி ஜாஷ் சிம்மன்ஸ் என்ற டேக்கிளைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் வேண்டுமா? எதிர்ப்புறம் ஈகிள்ஸுக்கு இரு முனையிலும் சுவர்: வலப்பக்கம் லேன் ஜான்சன், இடப்பக்கம் ஜோர்டன் மெயிலாட்டா. மெயிலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். 2018இல் ஏழாவது சுற்றில் எடுக்கப்படும்வரை ஒரு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம்கூட ஆடியதில்லை.

கேட்டவர்:
தூனி விஷயம் என்னை மாற்றிவிட்டது. நல்ல டேக்கிள் இல்லாத நாளில் என்ன நடக்கும் என்று பார்த்தபிறகு, இல்லாதவரை முதலிடத்தில் வைக்க மனம் வரவில்லை. சூவெல் முதலில், பிறகு ஜான்சன், மெயிலாட்டா. வர்ஃப்ஸ் திரும்பி வரும்வரை நான்காவது. ஸ்லேட்டரைக் கனத்த மனத்தோடு நீக்கிவிட்டேன். சான் பிரான்சிஸ்கோவின் 37 வயது டேக்கிள் ட்ரெண்ட் வில்லியம்ஸை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை; இன்றிரவு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அவர் கால்களையும் பார்க்கப் போகிறேன்.