ஆல்ஜினேட் மணிக்குள் அடைத்தபின் புரோபயாடிக் எண்ணிக்கை விழுவது ஏன்?

நொதிப்பான்:
லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ் என்ற புரோபயாடிக் (உடலுக்கு நன்மை தரும்) பாக்டீரியாவை 2 சதவீத சோடியம் ஆல்ஜினேட்டில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) கலந்து, கால்சியம் குளோரைடில் ஊசியால் சொட்டுவிட்டு மணிகளாக எடுக்கிறேன். மணிகள் நன்றாகவே வருகின்றன. ஆனால் அடைப்பதற்கு முன் மில்லிக்கு 10⁹ இருந்தது, அடைத்தபின் எண்ணினால் 10⁷கூடத் தேறவில்லை. பிஎச் 2 அமிலத்தில் வைத்தாலும் அடைக்காத செல்லுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடைக்கும்போதே செத்துவிடுகிறதா? யோகர்ட்டில் சேர்க்க வேண்டியது, அதனால் நாக்கில் தட்டுப்படவும் கூடாது.

அகார்தட்டு:
எண்ணுவதற்கு முன் மணியை எப்படிக் கரைத்தீர்கள் என்று சொல்லவே இல்லையே! வெறும் உப்புக் கரைசலில் குலுக்கியிருந்தால் மணி கரைந்திருக்காது, உள்ளே எத்தனை ஆயிரம் செல் இருந்தாலும் தட்டில் அது ஒரே காலனியாகத்தான் தெரியும். பிஎச் 7 பக்கம் இருக்கும் சோடியம் சிட்ரேட்டிலோ பாஸ்பேட்டிலோ போட்டுக் கலக்குங்கள், அவை கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்வதால், கால்சியம் பிணைத்து வைத்திருக்கும் ஆல்ஜினேட் வலை அவிழ்ந்துவிடும், அப்புறம் டைலூஷன் போடுங்கள் (படிப்படியாக நீர்த்துத் தட்டில் இடுங்கள்). சொட்டுவிடும் முறையில் சூடு கிடையாது, கரிமக் கரைப்பானும் கிடையாது, நூறில் தொண்ணூற்றொன்பது சாவதற்குக் காரணமே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, அடைக்காத செல்லையும் அதே கரைசலில் அதே அளவு நேரம் வையுங்கள்.

நுண்ணோக்கி:
எண்ணும் முறை பற்றி அகார்தட்டு சொன்னது சரி. அமில விஷயம் வேறு. ஆல்ஜினேட் வலை செல்லை வெளியே விடாது, ஆனால் ஹைட்ரஜன் அயனிக்கு அது திறந்த வாசல். மணி பெரிதாக இருந்தால் அமிலம் நடுவரை போய்ச்சேரக் கொஞ்சம் நேரமாகும், பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் பாதி அதுதான். ஆனால் மில்லிமீட்டர் அளவு மணி யோகர்ட்டில் மணல் மாதிரி நெருடும். எண்ணெயில் எமல்ஷனாக்கி (நுண்துளிகளாகக் கலக்கி) 100 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவந்தால் நெருடாது, கூடவே அந்தப் பாதுகாப்பும் பெரும்பாலும் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது) பூச்சு கொடுத்துப் பாருங்கள்: அது நேர்மின், ஆல்ஜினேட் எதிர்மின், தானாக ஒட்டிக்கொண்டு துளைகளைக் குறுக்கும், பித்த உப்புக்கும் ஓரளவு தடை. ஆல்ஜினேட்டோடு மோர்ப்புரதம் சேர்த்தால் அது அமிலத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும்.

உலர்பொடி:
யோகர்ட்டுக்கு இவ்வளவு தேவையா என்பதே என் சந்தேகம். பிஎச் 2 என்பது வெறும் வயிறு. பால்பொருளோடு போகும்போது அதன் புரதமே அமிலத்தைத் தணிக்கும். அமிலம் தாங்கும் ஸ்ட்ரெயினை (பாக்டீரியா ரகத்தை) முதலில் தேடுங்கள். உலர்ந்த உணவு என்றால் அடைப்பதில் நிச்சயம் அர்த்தம் உண்டு, டிரெஹலோஸ் என்ற சர்க்கரை சேர்த்து, உறையவைத்து உலர்த்தி, மேலே கொழுப்புப் பூச்சு கொடுப்பார்கள், ஈரம் ஏறாதவரை தாங்கும். அடுப்பில் வேகும் பொருளுக்கு எந்த உறையையும் நம்ப மாட்டேன், சூட்டைத் தாங்கும் வித்து உண்டாக்கும் பேசில்லஸ் கோயாகுலன்ஸ் பாக்டீரியா போதும்.

நொதிப்பான்:
உப்புக் கரைசலில்தான் குலுக்கினேன். சிட்ரேட்டில் எவ்வளவு நேரம்?

அகார்தட்டு:
மணி கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை. பெரிய மணிக்குக் கூடுதல் நேரம் ஆகும், கைட்டோசான் பூசிய மணி இன்னும் அடம்பிடிக்கும், அதைக் கொஞ்சம் நசுக்கிவிட வேண்டியிருக்கும். காலாவதி நாளிலும் ஒருமுறை எண்ணிவிடுங்கள், கிராமுக்கு 10⁶ முதல் 10⁷ வரை அன்றைக்கும் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் பொதுவாக எதிர்பார்ப்பார்கள்.