வட்டெழுத்தை மெஷினுக்குப் படிக்கக் கொடுத்த அனுபவம்

செயற்கை நுண்ணறிவு எந்தெந்தத் துறைக்குள் வந்திருக்கிறது என்று பேச்சு வந்ததால் என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் பாளையங்கோட்டைக்காரன். ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டு எழுத்தைத் தாளில் மை ஒற்றிப் படி (மைப்படி) எடுப்பவன். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி ஒருவர், "அண்ணாச்சி, வட்டெழுத்தை மெஷின் படிக்குமா, பார்ப்போமா?" என்று கேட்டார். வட்டெழுத்து என்பது பழைய காலத்தில் தமிழை எழுதிய வளைந்த எழுத்து. சரி என்று அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பழைய கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சோழர் வருவதற்கு முன்னால் பாண்டிய நாட்டுக் கல்லில் பெரும்பாலும் வட்டெழுத்துதான்.

போனில் எடுத்த படத்தை வைத்து மெஷின் ரொம்பவே தடுமாறியது. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. போதாக்குறைக்குக் கல்லில் பொத்தல், மேலே சுண்ணாம்பு. ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுத்த படியைக் கொடுத்ததும் கொஞ்சம் தேறியது. ஆனாலும் ஓரிடத்தில் முதல் எழுத்து 'ப' என்றே சொன்னது. அது 'வ' என்றேன். எப்படி என்றார் தம்பி. நிலத்துக்கு எல்லை சொல்லும் இடம் அது. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை எல்லாம் வந்தாயிற்று. மிச்சம் வடபாற்கெல்லைதானே?

அப்புறம்தான் தம்பி இதாக்கா பற்றிச் சொன்னார். சிதைந்த கிரேக்கக் கல்வெட்டுகளில் விடுபட்ட எழுத்துகளை நிரப்புவதற்காக கூகுளின் டீப்மைண்ட் ஆட்களும் வரலாற்று அறிஞர்களும் சேர்ந்து செய்த செயற்கை நுண்ணறிவுக் கருவி அது. 2022-ல் நேச்சர் இதழில் வந்தது. அறிஞர்கள் தாங்களாக நிரப்பியதில் 25 சதவீதம் சரி, இதாக்கா மட்டும் என்றால் 62, அதை வைத்துக்கொண்டு அறிஞர்கள் நிரப்பியபோது 72. அந்த 72-தான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

மற்ற துறைகளிலும் ஆட்களின் உழைப்புதான் முன்னால் போயிருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டறிய 2016-ல் வந்த கூகுள் ஆய்வில் நம் அரவிந்த் கண் மருத்துவமனைப் படங்களும் உண்டு. 1,28,175 படங்களைக் கண் டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்துத் தரம் பிரித்துக் கொடுத்துத்தான் மெஷின் கற்றது. புரதங்களின் வடிவத்தைக் கணித்துச் சொல்லி 2024-ல் வேதியியல் நோபல் வரை போன ஆல்ஃபாஃபோல்டு என்ற மெஷினுக்கும் 1971 முதல் ஆய்வாளர்கள் பொதுவில் சேர்த்து வைத்த புரத வடிவங்கள்தான் பாடம்.

எங்களுக்கு இப்போது வேண்டியது எழுத்து எழுத்தாகக் குறித்த வட்டெழுத்துப் படிகள். திருப்பணி என்று மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்து மழுங்கிப்போன சுவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் கோயில் சுவரை அனுமதி வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். வெயில் சாய்வாக விழும் காலையிலோ சாயங்காலத்திலோ எடுத்தால் எழுத்தின் பள்ளம் நிழலில் நன்றாகத் தெரியும்.